ஒரே ஒரு சொட்டு எண்ணெய்

என் வீட்டுக்காரர் இறந்த மூன்றாம் நாள் என் மூக்கு அடைத்துக்கொண்டது. அழுது அழுது அடைத்துவிட்டது என்றார்கள். நான் எங்கே அழுதேன்? வந்தவர்களுக்குக் காப்பி போட்டேன், நாற்காலி எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று சொன்னேன், ஃபாதருக்குப் போன் செய்தேன். ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் கணுக்கால் வரை சேறு. அதில் நின்றதில் சளி பிடித்தது. பத்து நாளில் சளி போய்விட்டது, அடைப்பு மட்டும் போகவில்லை. சோறு தீய்ந்தாலும் தெரியாது, சாம்பிராணி போட்டாலும் தெரியாது.

அவர் ஏற்காட்டிலிருந்து வாழவந்திப் பக்கம் ஜீப் ஓட்டினவர். இருபத்தாறு வருஷம் அதே ரோடு. அவர் மேல் எப்போதும் ஒரு நாற்றம் இருக்கும். டீசல், பீடி, நனைந்த கம்பளி, மூட்டையில் ஏற்றிய காப்பிப் பழத்தின் புளித்த வாடை எல்லாம் கலந்து ஒன்று. பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்று வைத்திருந்தார். வெயில் காலத்திலும் அதைக் கழற்ற மாட்டார்.

"ஏனுங்க, அந்தக் கருமத்தக் கழட்டி வெளிய போட்டுட்டு ஊட்டுக்குள்ள வாங்க. நாத்தம் கொடலப் புடுங்குது" என்று தினமும் கத்துவேன்.

"உனக்கு மூக்கு நொம்பத்தான் நீளம் புள்ள" என்பார். சிரித்துக்கொண்டே அந்த ஸ்வெட்டரோடு வந்து என் பக்கத்தில் உட்காருவார். வேண்டுமென்றேதான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சண்டை போடவும் சமாதானமாகவும் நாங்கள் இரண்டு பேர்தான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் இறந்தவரின் துணிமணிகளை எடுத்துக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அவருடைய அக்கா அதற்கென்றே முந்தின நாளே வந்து தங்கினார். அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக மடித்து இரண்டு பையில் கட்டினார். "அந்த ஸ்வெட்டர் எங்க?" என்று கேட்டார். "ஜீப்லயே கெடந்துச்சு, ஜீப்ப எடுத்துட்டுப் போனவங்க கொண்டுபோயிருப்பாங்க" என்று பொய் சொன்னேன். பூசை முடிந்து வந்த கையோடு சொன்ன பொய். அதற்கு இன்றுவரை ஃபாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன்.

ஸ்வெட்டரை நான் முன்பே பிளாஸ்டிக் கவரில் போட்டு, காப்பித்தூளைக் கட்டுவது போல வாயை இறுக்கிக் கட்டி, பெரிய எவர்சில்வர் சம்படத்தில் வைத்து மூடியிருந்தேன். அவர் முகம் வேண்டுமானால் போட்டோ இருக்கிறது. குரல் வேண்டுமானால் போனில் "கறி எடுக்கட்டுமா, மீன் எடுக்கட்டுமா" என்று கேட்டு அனுப்பியது இருக்கிறது. அவருடைய வாடை அந்தச் சம்படத்தில் மட்டும்தான் இருந்தது. மூக்கு திறந்ததும் ஒரே ஒரு தடவை அதை எடுத்து மோந்து பார்க்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

சேலத்தில் மூக்கு டாக்டரிடம் போனேன். உள்ளே வீங்கியிருக்கிறது என்று ஸ்பிரே கொடுத்தார், மாத்திரை கொடுத்தார். "டென்ஷன் இல்லாம இருங்கம்மா" என்றும் சொன்னார். டென்ஷன் இல்லாமல் இருப்பது எப்படி என்று எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு மாதம் ஸ்பிரே அடித்தேன். மார்கழிக் குளிரும் மூடுபனியும் வந்து, இருந்த கொஞ்ச வழியும் மூடிக்கொண்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. மூக்கு திறப்பதற்குள் சம்படத்தில் இருப்பது போய்விடுமோ என்கிற பயம். வாடை என்ன ஊறுகாயா, வருஷக் கணக்கில் இருக்க?

நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். என் பக்கத்து நாற்காலிக்காரிதான் அக்குபிரஷர் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். சனிக்கிழமைதோறும் அடிவாரத்திலிருந்து காலை பஸ்ஸில் ஏறி வந்து, பஜாரில் ஒரு மளிகைக் கடை மாடியில் உட்காருகிற பெண். முப்பது வயதுகூட இருக்காது. சுவரில் ஒரு மனித உடம்புப் படம், தலையிலிருந்து கால் வரை கோடும் புள்ளியுமாக, ஓரத்தில் சீன எழுத்து. 'இதுக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தோம்' என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் என் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வெகுநேரம் நாடி பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, ஊட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?"

"ஏன் கேக்கற?"

"சீன வைத்தியத்துல நுரையீரல்லதான் துக்கம் தங்குமுங்க. அதோட வாசல்தான் மூக்கு. நீங்க துக்கத்த உள்ளயே போட்டுப் பூட்டிட்டீங்க."

"யம்மா தாயே, துக்கம் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். மூக்கத் தெறக்கறதுக்கு வழி இருந்தாச் சொல்லு, இல்லாட்டி நான் போறேன்" என்றேன். வாய் என்னுடையது அப்படி.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் அமுக்கினாள். புருவத்துக்கு நடுவில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இருக்கிற சதையில் என்று ஒவ்வொரு இடமாக அமுக்கிக் காட்டினாள். கையில் அமுக்கியபோது உயிர் போகிற வலி. பிறகு சுண்டு விரல் அளவுக்கு ஒரு குப்பி கொடுத்தாள். பச்சை எண்ணெய், மேலே சீன எழுத்து. "வெரல் நுனில ஒரே ஒரு சொட்டுங்க. அதத் தொட்டு அமுக்குங்க. காலைல ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா."

ஒரு சொட்டாம். ஒரு சொட்டு எந்த மூலைக்கு? நான் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டேன். காலையில், மதியம், பைல் எடுக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. மூக்கின் இரு பக்கமும் தோல் கறுத்துப்போனது. கண்ணில் தண்ணீராகக் கொட்டும். எண்ணெயின் வாசனை மட்டும் எனக்குத் தெரியாது. சில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

தலைபாரம் குறைந்தது, அதை மறைக்கக் கூடாது. அவள் கை பட்ட அன்று தூக்கமும் வந்தது. வாரம் தவறாமல் போனேன். போய் உட்கார்ந்து அவளைத் திட்டுவேன். அவள் "செரிங்கம்மா" என்று அமுக்குவாள்.

சாயந்தரம் ஆபீஸ் விட்டு வந்ததும் அமுக்கிக்கொள்வேன். அமுக்கிய சூட்டோடு, இன்றைக்குத் திறந்திருக்கும் என்கிற நப்பாசையில், சம்படத்தை இறக்கிக் கவரை அவிழ்த்து, ஸ்வெட்டரை எடுத்து முகத்தைப் புதைத்து இழுப்பேன். ஒன்றும் வராது. திரும்ப மடித்து, இறுக்கிக் கட்டி வைப்பேன். தை, மாசி முழுக்க ஒரு நாள் விடாமல் இதைச் செய்தேன்.

பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தது. எட்டு ஒன்பது நாளில் காப்பி பூத்தது. காலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ரோட்டோர எஸ்டேட் முழுக்க வெள்ளையாக இருந்தது. திடீரென்று மூக்கினுள் ஏதோ நெகிழ்ந்தது. காப்பிப் பூ வாசனை. முதலில் லேசாக, பிறகு தலை சுற்றுகிற அளவுக்கு. அமுக்கியதில் திறந்ததா, குளிர் போனதால் திறந்ததா, எனக்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே "ஐயோ, ஐயோ" என்று சொல்லிக்கொண்டேன். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. வீட்டுக்கு ஓடினேன். இந்த வயதில் ஓட்டம்தான்.

சம்படத்தை இறக்கினேன். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தேன்.

சூடமும் புதினாவும் கலந்த மாதிரி ஒரு காரமான நெடி குப்பென்று அடித்தது. அந்தப் பச்சை எண்ணெய்.

கழுத்துப் பட்டியை மோந்தேன், அக்குளை மோந்தேன், உள்பக்கம் திருப்பி மோந்தேன். எங்கும் அதுவே. நான் முகம் புதைக்கிற இடத்தில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது. எண்ணெய்க் கையோடு எடுத்து, எண்ணெய் முகத்தைத் தேய்த்து, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி, ரெண்டு மாதத்துக்கு மேலாக நானேதான் அவரை அதிலிருந்து விரட்டியிருக்கிறேன். மூக்கு இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பாவி, படுபாவி என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் அழுதேன். கத்தி அழுதேன்.

எண்ணெய் நெடி காற்றில் போய்விடும், அடியில் அவர் இருப்பார் என்று நினைத்து வெளியே கொடியில் போட்டேன். இரண்டு நாள் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் நெடி பாதி போயிருந்தது. அடியில் வெறும் கம்பளி.

பிறகு பஸ்ஸில் யாராவது பீடி குடித்துவிட்டு ஏறினால் அந்த ஆள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். வெட்கக்கேடுதான். ஜீப் ஸ்டாண்டில் போய் நின்று பார்த்தேன். டீசல் டீசலாக இருந்தது, பீடி பீடியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல மாடி ஏறினேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

"மூச்சு நல்லா வருதுங்களே! தெறந்துக்குச்சுங்களா அம்மா?"

"தெறந்துக்குச்சு கண்ணு. காப்பிப் பூ, மண்ணு, கீழ மளிகைக் கடை மல்லி, அத்தனையும் தெரியுது."

"நொம்ப சந்தோசமுங்க. பாருங்க, நான் சொல்லலீங்களா?"

"சொன்ன. ஒரு சொட்டுன்னும் சொன்ன, நாந்தான் கேக்கல."

அவளுக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் பச்சை எண்ணெய்க் குப்பியை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"உன்னைய ஒன்னும் சொல்லல சாமி. நீ மூக்கத் தெறந்துட்ட. மோந்து பாக்கறதுக்குத்தான் ஒன்னும் இல்ல" என்றேன்.

அவள் எழுந்து போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து, எண்ணெய் தொடாமல் என் கையைப் பிடித்து அமுக்கினாள். வலித்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.