டைகர் டாங்கியைக் கடந்து போன குதிரைகள்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலை செய்த காலத்தில், ஊரில், இலங்கையில், சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மொன்றியலில் பனி பெய்துகொண்டிருந்தது. இரண்டையும் இப்போது என்னால் பிரித்து நினைக்க முடியவில்லை. நாங்கள் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜிலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேரும்போது, மொன்றியல் தீவின் அந்த மேற்கு நுனியில் ஏரியும் வானமும் ஒரே வெள்ளையாக இருக்கும். இல்லத்தின் கட்டடம் அதற்குள் மிதப்பதுபோலத் தெரியும். நானும் பாதித் தூக்கத்தில்தான் உள்ளே போவேன்.

என் பராமரிப்பில் இருந்தவர்களில் ஒருவர் ஜெர்மன்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கனடாவுக்கு வந்து தச்சு வேலை செய்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். சக்கர நாற்காலியில் யன்னலோரம் இருந்துகொண்டு, நாக்கை அண்ணத்தில் தட்டி 'டொக், டொக்' என்று ஒலி எழுப்புவார். யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கும். என்னவென்று கேட்டால் சிரிப்பார்.

அவர் போரில் நின்றவர் என்று ஒருநாள் வீட்டில் சொல்லிவிட்டேன். என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஜெர்மன் ஆமியோ? டாங்கி ஓட்டினவரோ எண்டு கேட்டனீரோ?"

"நான் ஏன் அதைக் கேக்கப்போறன்? தேத்தண்ணி வேணுமோ எண்டுதான் கேட்டனான்."

கணவருக்கு ஜெர்மன் போர் இயந்திரங்களில் ஒரு பக்தி. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சின்னச் சின்ன டாங்கிகள் செய்வார். எங்கள் குசினியில் சாப்பாட்டு மேசையின் பாதி அவற்றுக்குத்தான். எல்லாவற்றிலும் டைகர் என்ற டாங்கியில்தான் அவருக்கு உயிர். "அவங்கள் ஆக்கள் போதாமல் தோத்தவங்கள். மெஷினிலை தோக்கேல்லை" என்பார். அப்போது அவர் ஜெர்மனியை மட்டும் நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பங்கர் குழிக்குள் குந்தியிருந்து விமானச் சத்தம் கேட்டவர் அவர். அந்த விமானத்தைவிடப் பெரிய இயந்திரம் ஒன்று நம்மிடம் இருந்திருந்தால் என்று எத்தனை பேர் அந்த இருட்டுக்குள் கனவு கண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் டைகரை சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். கிழவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் சக்கரங்களுக்கிடையே விரல் நுனியை ஓட்டினார்.

"அழகாகச் செய்திருக்கிறீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். "இங்கேதான் சேறு அடையும். இரவில் உறைந்துவிடும். காலையில் அசையாது."

"நீங்கள் இதற்குள் இருந்தீர்களா?" கணவர் கேட்டார்.

"நானா? நான் இதைக் கடந்து போனேன். ரஷ்யாவில் ஒன்று பழுதாகி வீதியோரம் நின்றது. அதில் வந்தவர்கள் மேலே ஏறியிருந்து புகைத்துக்கொண்டு, மாற்றுப் பாகம் வருமென்று காத்திருந்தார்கள். நாங்கள் பீரங்கியை இழுத்துக்கொண்டு போனோம்."

"எதால் இழுத்தீர்கள்?"

"குதிரைகளால்" என்றார். நாக்கு தானாகவே 'டொக், டொக்' என்றது. "முன்னால் ஒரு சாம்பல் நிறக் குதிரை. பொல்லாதவள்."

திரும்பும் வழியில் கணவர், "கிழவருக்கு வயசாகி அறளை பேந்திட்டுது. ஜெர்மன் ஆமியிலை குதிரையோ!" என்றார். ஆனால் மனம் ஆறாமல் நூலகத்துக்குப் போகத் தொடங்கினார். ஒரு பின்னேரம் மேல்கோட்டைக் கழற்றாமலே வந்து குசினியில் நின்றார்.

"இஞ்சரும், மனுசன் சொன்னது உண்மை. அந்த ஆமியிலை முக்கால்வாசிப் பேர் நடந்துதான் போயிருக்கினம். சாமான் இழுத்தது குதிரை. படத்திலைதான் எல்லாம் டாங்கி."

"படம் எடுத்தது ஆர்?"

"அவங்கள்தான், ஜெர்மன்காரர்" என்றவர் சிரித்தார்.

பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது அதை நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். பழுதானால் யார் திருத்துவது, எண்ணெய் யார் கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறார். அவர்களோ ஊரில் யாரிடம் என்ன புது ஆயுதம் வந்திருக்கிறது என்ற கதைக்கே திரும்பிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்தவர், "அந்தக் கிழவரை ஒருக்கா குதிரை பாக்கக் கூட்டிக்கொண்டு போவமே?" என்றார்.

பனி உருகும் நாளொன்றில், இல்லத்தில் அனுமதி வாங்கி, இரவல் வாங்கிய காரில் பக்கத்துப் பண்ணையொன்றின் லாயத்துக்குப் போனோம். வயல்களிலிருந்து பனிப்புகார் எழும்பி வேலிகளை மறைத்திருந்தது. கிழவர் நாக்கைத் தட்டினார். புகாருக்குள்ளிருந்து ஒரு மண்ணிறக் குதிரை மெல்ல மெல்ல உருவாகி வந்து, அவர் உள்ளங்கைக்குள் மூச்சு விட்டது. அவர் அதன் முகத்தில் நெற்றியைச் சாய்த்தார்.

"பிறகு அங்கே, ரஷ்யாவில், தீனி வரவில்லை" என்றார். "எங்களுக்கும் வரவில்லை. அந்தக் குளிரில் அவளைச் சாப்பிட்டோம். எது யாருடைய குதிரை என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது."

கணவர் கையுறையைக் கழற்றி, குதிரையின் மறுபக்கம் நின்று அதன் கழுத்தைத் தடவினார்.

"அவளுடைய பெயர் என்ன?" என்று கேட்டார்.

கிழவர் சொன்னார். அந்த ஜெர்மன் சொல் எனக்கு இப்போது வாயில் வரவில்லை; சூடான தேநீரை ஊதுவதுபோல ஒரு சத்தம் மட்டும் ஞாபகம். கணவர் அதை மெதுவாக இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

திரும்பும்போது காரில் கிழவர் தூங்கிவிட்டார். ஏரிக்கரை வீதியில் கணவர் காரை ஊர்வதுபோல மெல்ல ஓட்டினார். அன்று மாலை, இளஞ்சூட்டுத் தண்ணீரும் துவாயுமாகக் கிழவரின் கைகளைக் கழுவப் போனேன். அவர் கைகளைப் போர்வைக்குள் இழுத்து ஒளித்துக்கொண்டார். குதிரை வாசம் அறை முழுக்க நின்றது. நான் கழுவாமலே தண்ணீரைக் கொட்டிவிட்டு விளக்கைத் தணித்தேன்.