ஜித்தாவில் முழுக் கிரகணம், சங்கரன்கோவிலில் கொஞ்சம்

ஜித்தாவில் வேலை செய்யும் என் கணவரும் நானும் இன்றைய கிரகணத்தை ஒரே நேரத்தில் பார்ப்பதாகப் பேசி வைத்திருந்தோம்.

சாயங்காலம் கிரகணக் கண்ணாடியோடு மாடி ஏறியதும் அவரே கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்கன முழுசா இருட்டிட்டு! கண்ணாடிய கழட்டிட்டுப் பாக்கேன்."

பின்னால் அவருடைய ரூம் ஆட்களின் கூச்சல் கேட்டது.

நான் கண்ணாடி போட்டு நிமிர்ந்தேன். எங்கள் ஊர்ச் சூரியன் அப்படியேதான் இருந்தது.

"இங்கன ஒண்ணும் ஆகலியே?"

"நெழலு நகந்து வரணும்லா. ஒனக்கு இனிமேத்தான். அங்கன முழுசா மறையாது, அதனால கடைசி வர கண்ணாடிய கழட்டிராத, என்ன?"

இங்கே சூரியனின் ஓரம் மறையத் தொடங்கியபோது நான் கூப்பிட்டேன். அவர் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"நீ பாருட்டி, அப்புறம் பேசுதேன்."

எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாக, "கிரகணத்துல வெளிய நிக்காதட்டி" என்றார்.

"கண்ணாடி இருக்குக்கா, நீங்களும் வாங்களேன்."

ஜன்னல் மூடிக்கொண்டது. தெருவிலும் ஆளில்லை.

சூரியன் ஓரம் கடித்த தோசையாய் நின்றது. "எம்மாடி!" என்று சத்தமாகவே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டில் ஒரே கண்ணாடிக்கு எத்தனை பேர் அடித்துக்கொண்டீர்கள்? சொல்லுங்கள். என்னுடையதை யாரும் கேட்கவில்லை. கிரகணம் முடியும்வரை என்னிடமே இருந்தது.