தொட்டிக்கு ஏற்ற பாம்பு

சத்துணவு வந்த மறுவருடம். நெல்லிவாசல்நாட்டுப் பள்ளியில் சமைத்துவந்த, பாம்புக்குப் பயப்படாத கெங்கம்மாளிடம், மீன்கள் செத்துக் காலியான ஒரு முழ நீளக் கண்ணாடித் தொட்டியைக் காட்டினார் ஆசிரியர் தணிகாசலம்.

"பிள்ளைங்க பார்க்கணும். இதுல எந்தப் பாம்பை வளர்க்கலாம்?"

"சாரைக்கு வாலை வைக்கவே எடம் பத்தாது சார். தண்ணிப்பாம்பு கடிக்கும். நானே ஒண்ணு கொண்டாறேன்."

மறுநாள் தன் எருக்குழியைக் கிளறி, ஈரமண்ணோடு ஒரு புழுப்பாம்பைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டாள். மண்புழு என்றே பிள்ளைகள் நினைத்தார்கள். அது நாக்கை நீட்டியதும் கூச்சல் போட்டார்கள். தினமும் அவளே புற்றிலிருந்து கறையான் அள்ளிவந்து போட்டாள்.

ஐந்தாம் மாதம் மண்ணைக் கிளறியவளின் கை அப்படியே நின்றது. நெல்மணிபோல நான்கு முட்டைகள்.

"சார், ஒத்தையாத்தானே உட்டேன்? இன்னா அதிசயம் இது!"

தணிகாசலம் வேலூருக்குப் போய்ப் புத்தகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்தார். "இந்த இனத்துல ஆணை யாருமே பார்த்ததில்லையாம் கெங்கம்மா. எல்லாமே பெண்ணுதான். துணையில்லாமலே முட்டை வைக்குமாம்."

கெங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "இத்தினி வருசமா எருவோட எருவா வாரிக் கொட்டியிருக்கேனே சார்!"

முட்டைகள் பொரிந்த அன்று, நூல்துண்டுகள்போல நான்கு குட்டிகள் நெளிந்தன. அடுப்பில் சோறு குழைந்துபோனது. அதைக் கவனிக்க அங்கே யாருமில்லை. எல்லாரும் தொட்டியைச் சுற்றி மூச்சடக்கி நின்றிருந்தார்கள்.