தண்ணீர் கேட்டு வந்த மச்சான்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் பரிசுப்பொருள் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது கைப்பேசி அடித்தது. சிதம்பரத்திலிருந்து என் மனைவியின் தம்பி குணசேகரனுடைய மகள். "மாமா, அப்பா எழுந்திரிக்கவே இல்ல மாமா" என்றாள். ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

மேலவீதியில் அவன் மருந்துக்கடைக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். எனக்கு இளையவன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். நல்லவன், தங்கமானவன் என்றெல்லாம் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அதெல்லாம் உண்மைதான். எனக்கு அவன் மேல் பொறாமை. அவன் போன பிறகும் அது குறையவில்லை.

தள்ளுவண்டியில் வளையல் விற்று மேலே வந்தவன் நான். எந்த விசேஷத்துக்கு எதைக் கொடுத்தால் எடுபடும் என்று வாங்க வருகிறவர் முகத்தைப் பார்த்தே சொல்வேன். அப்படிப்பட்டவன் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்த பொருளெல்லாம் பரணில் கிடக்கிறது. மருந்துக்கடைக்காரன் ஒழிந்த நேரத்தில் ஒட்டியும் தைத்தும் செய்தது கூடத்தில் இருக்கிறது.

சுனாமி அலை வந்துபோன இரண்டாம் வருஷம், என் கடையில் வேலை பார்த்த செல்விக்குத் தேவனாம்பட்டினத்தில் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போன என்னோடு குணாவும் வந்தான். போனதும், "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றான். குடித்துக்கொண்டே அவன் கண் வீட்டைச் சுற்றியது. உடைந்த படகின் பலகை ஒன்றை அவள் அப்பா விறகாக்காமல் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார். குணா அவரிடம் ஏதோ பேசி, அதில் ஒரு துண்டை வாங்கிக்கொண்டான். நீலச் சாயம் உரியாமல் அதையே சட்டமாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று செய்து கல்யாணத்தில் கொடுத்தான். நான் எவர்சில்வர் குடத்தில் என் பெயரைப் பெரிதாக வெட்டிக் கொடுத்தேன். சம்பளம் கொடுக்கிற முதலாளி நான். அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். குடத்தை யாரோ வாங்கிப் பந்திக்குத் தண்ணீர் பிடிக்கக் கொண்டுபோனார்கள்.

திரும்பும் வழியில், "இதெல்லாம் ஒனக்கு எங்கேருந்துடா தோணுது?" என்று கேட்டேன்.

"கடைக்குப் போனா என்ன வாங்கலாம்னுதான் தோணும் மாமா. அவுங்க வூட்டுக்குப் போயி, ஒடஞ்சும் எதத் தூக்கிப் போடாம வச்சிருக்காங்கன்னு பாக்கணும். மிச்சம் தானா வந்துடும்."

வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? "நூறு செஞ்சு குடு மச்சான், நான் வித்துக் காட்டறேன்" என்றேன்.

"நூறு வூட்ல தண்ணி குடிக்கணுமே மாமா, வயிறு தாங்குமா?" என்று சிரித்தான்.

போன வருஷக் கடைசியில் அடித்த புயலில் காடாம்புலியூரில் என் மாமனார் வீட்டுப் பலாமரம் வேரோடு சாய்ந்தது. என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அவளுக்கு மிக்சி வாங்கிக் கொடுத்தேன். அவன் ஒரு கிளையை எடுத்துப்போய்க் கடை மாடியில் நிழலில் காயவைத்து, கோடையில் முறுக்கு அச்சாகக் கொண்டுவந்தான். என் கடையிலிருந்து கொடுத்த எவர்சில்வர் அச்சு அன்றே மேலே ஏறிவிட்டது. "தம்பி செஞ்சதுல புழிஞ்சாத்தான் முறுக்கு ஒடயாம வருது" என்றாள். மாவு அதே மாவுதான்.

அன்றைக்குப் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஊர்ல எல்லாருக்கும் செஞ்சிட்ட. எனக்கு ஏன்டா ஒண்ணும் செய்யல?"

முறுக்கைக் கடித்துக்கொண்டு என் வீட்டை ஒரு சுற்று பார்த்தான். "நானும் வரும்போதெல்லாம் பாக்கறேன் மாமா. ஒங்க வூட்ல எதுவும் ஒடஞ்சு நிக்கிறதே இல்ல. விரிசல் வுட்டா அன்னிக்கே புதுசு வந்துடுது. நான் எதலேருந்து ஆரம்பிக்கிறது?"

"அப்ப எனக்குக் கெடையாதா?"

"எதையாவது வச்சிருங்க. வரேன்."

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் ஆளாளுக்கு அவன் செய்து கொடுத்ததைப் பற்றித்தான் பேச்சு. ஒருத்தி பையிலிருந்தே எடுத்துக் காட்டினாள், செத்துப்போன மாமியாரின் புடவைக் கரையில் அவன் தைத்த மூக்குக்கண்ணாடிக் கூடு. எதிர்வீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு என்ன செஞ்சாரு? அக்கா வூட்டுக்காரராச்சே, ஜாஸ்தியா செஞ்சிருப்பாரே!" என்றார். மோர் கொண்டுவரச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். அங்கே வந்திருந்தவர்களில் அவன் கையால் செய்த பொருள் இல்லாதவன் நான் ஒருவன்தான்.

போன வாரம் கல்லாவில் நான் உட்காரும் நாற்காலியின் கைப்பிடி முறிந்து விழுந்தது. கடை ஆரம்பித்த நாளாக நான் முழங்கையை ஊன்றி ஊன்றி வழவழப்பான மரம். என் மகன் உடனே, "நாக்காலியே புதுசு எடுத்துடலாம்பா, இத குப்பைல போட்டுடறேன்" என்று கையை நீட்டினான். நான் தரவில்லை.

குணசேகரனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். அவன் தொடாத மரத்துண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், அவ்வப்போது எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இதை என்ன செய்யலாம் என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் தோன்றியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.