டியூப் லைட்டை அணைத்த பெண்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதம் பாளையங்கோட்டையில் நடந்தது இது. அப்போது நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூளை அலைகளைப் பதிவு செய்கிற ஈ.இ.ஜி. மிஷினில் வேலை பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த மிஷினைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்கிற நினைப்பு நிறையவே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புது மிஷின் வந்ததும், பழையதை ஒரு சிறப்புப் பள்ளியின் கண்காட்சிக்குக் கொடுக்கச் சொன்னார் எங்கள் டாக்டர். கூடவே என்னையும் அனுப்பினார். அந்தப் பள்ளியின் டிராயிங் மாஸ்டர் வித்தியாசமாக யோசிக்கிறவர். பாபநாசத்திலிருந்து கடல் வரைக்கும் தாமிரபரணியைக் களிமண்ணில் நீளமாகச் செய்து, ஆற்றுக்குள் வரிசையாக நீல பல்புகளைப் பதித்திருந்தார். தலையில் ஒயர்களை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தால், அந்த மூளை அலையை வைத்து பல்புகள் மலையிலிருந்து ஒவ்வொன்றாக எரியும். மனசு அலைந்தால் அணைந்துவிடும். ஒரு ரேடியோ மெக்கானிக் அதற்கு இணைப்புக் கொடுத்திருந்தார். பூமி சூடாகிக்கொண்டே போகிறது என்று பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்திருந்த நேரம் அது. மனுஷன் பதறாமல் இருந்தால் ஆறும் பிழைக்கும் என்பதை ஜனங்கள் தொட்டுப் பார்க்கிற மாதிரி காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

சுவரில் இன்னொன்றும் இருந்தது. ஈ.இ.ஜி. காகிதத்தின் பின்பக்கத்தில், ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் ஒரே ஒரு கோடு ஏறி இறங்கி ஓடியது. வரைந்தவள் அந்தப் பள்ளியில் படித்து முடித்த ஒரு பெண். இருபது வயதிருக்கும். முக்கூடல்காரி. தினமும் காலையில் அம்மாவோடு ஆற்றுக்குப் போகும்போது, படித்துறையில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவாளாம். நாலு வருஷக் கணக்கு. அதைத்தான் கோடாக வரைந்திருந்தாள். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டாள். ஆட்டிசம் என்ற வார்த்தையெல்லாம் எங்கள் பக்கம் அப்போது புழக்கத்தில் இல்லை. ‘மந்தம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் இந்த வேலைக்கே படித்தவள்தான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

பதினோரு மணிக்கு ஓர் அதிகாரி வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு. ஒன்பது மணிக்கு மெக்கானிக்கின் தலையில் ஒயர்களை ஒட்டி மிஷினைப் போட்டால், அலைகளை வரைகிற பேனாக்கள் எல்லாம் கிடுகிடுவென்று நடுங்கிக் காகிதத்தில் தடித்த கறுப்புப் பட்டையாக இழுத்தன. பல்புகள் கண்டபடி சிமிட்டின. ஒயரை மாற்றினேன், அதை ஒட்டுகிற பசையைத் துடைத்துப் புதிதாக வைத்தேன். ஒன்றும் சரியாகவில்லை. டிராயிங் மாஸ்டர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஹாலில் டியூப் லைட்கள் அணைந்தன. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் சுவிட்ச் பக்கத்தில் நிற்கிறாள். நான் போய்ப் போட்டேன். திரும்பவும் அணைத்தாள். மூன்றாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. அவள் அம்மாவைக் கூப்பிட்டு, “இவளை முதல்ல வெளியே கூட்டிட்டுப் போங்கம்மா. மிஷின் கெட்டுப்போனா யாரு பதில் சொல்லுதது?” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அந்த அம்மா மகளின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார்.

அரை மணி நேரம் போயிற்று. நடுக்கம் நிற்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிக்க வெளியே போனேன். குழாயடியில் அந்த அம்மா நின்றார். நான் ஒன்றும் கேட்காமலே பைய சொன்னார்: “கோவப்படாதீங்கம்மா. அவளுக்கு டியூப் லைட்டு சத்தம் ஆவாது. காதுக்குள்ள குளவி போன மாதிரி இருக்குன்னு சொல்லுதா. எங்க வீட்டுல குண்டு பல்புதான் போட்டிருக்கோம்.”

எனக்குச் சுரீர் என்றது. டியூப் லைட்டின் சோக்கிலிருந்து வருகிற கரண்ட் இரைச்சல் ஈ.இ.ஜி.யைக் கெடுக்கும் என்பது முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆஸ்பத்திரியில் ஈ.இ.ஜி. எடுக்கிற அறைக்கு டியூப் லைட்டே கிடையாது. அதனால் மறந்தே போயிருந்தேன். உள்ளே ஓடிப்போய் எல்லா விளக்கையும் அணைத்தேன். பாதி நடுக்கம் நின்றது.

திரும்பவும் வெளியே போய், குழாயடித் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம், “உள்ள இன்னும் என்ன சத்தம் போடுதுன்னு காட்டுதியா?” என்று கேட்டேன். என்னைப் பார்க்காமலே எழுந்து வந்தாள். ஃபேன் ரெகுலேட்டரைக் காட்டினாள். மேடைக்குப் பின்னால் யாரோ வைத்திருந்த ஸ்டெபிலைசரைக் காட்டினாள். இரண்டையும் நிறுத்தினேன். பேனாக்கள் மெல்லிசாக, அழகாக எழுத ஆரம்பித்தன.

அடுத்து, மெக்கானிக்கை எழுப்பிவிட்டு, இதற்குப் பழக்கமில்லாத ஒருவரை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். பசை குளிரும், வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் அம்மா உட்கார்ந்தார். கண்ணை மூடியும் ஒரு பல்புகூட எரியவில்லை. அந்த முகத்தில் அவ்வளவு இறுக்கம். அதில் நான் அன்று காலையில் சேர்த்ததும் இருந்திருக்கும். அப்போது அந்தப் பெண் தன் நோட்டை எடுத்து, ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசிக்கத் தொடங்கினாள். ஐப்பசி ஒண்ணு, ஒன்பது படி. ரெண்டு, ஒன்பது படி. மூணு, ஏழு படி. தினமும் வீட்டில் கேட்கிற வாசிப்பாக இருக்க வேண்டும். அம்மாவின் தோள் மெல்லத் தளர்ந்தது. பாபநாசத்தில் ஒரு நீல வெளிச்சம் வந்தது. பிறகு அடுத்தது. கார்த்திகை கணக்கு வருவதற்குள் கடல் வரை ஆறு முழுக்க எரிந்தது. டிராயிங் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கண்காட்சிக்கு அதிகாரியோடு வந்த ஓர் இன்ஜினியர் சுவரிலிருந்த கோட்டின் முன் வெகுநேரம் நின்றார். அணையில் திறந்துவிடுகிற தண்ணீரும் இதில் சேர்ந்துதான் இருக்கும் என்றாலும், மழை தொடங்குகிற நாள் நாலு வருஷமாகத் தள்ளிக்கொண்டே போவது நன்றாகத் தெரிகிறது என்றார். ஒரு நாள்கூட விடவில்லையே என்று அவர் ஆச்சரியப்பட்டபோது, “ஒரு நாள் விட்டிருக்கு. காய்ச்சல்” என்றாள் அவள். அவர் சிரிக்காமல் தலையசைத்து, நோட்டைப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். அவளிடமே கேட்டார்.

சாயங்காலம் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “நாங்க கேக்காத பேச்சாம்மா, விடுங்க” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் பேருடைய மூளை அலைகளைப் பார்த்துவிட்டேன். இப்போதும் யாராவது அடம் பிடித்தால், கோபம் வருவதற்கு முன்னால், எனக்குக் கேட்காத எது இவருக்குக் கேட்கிறதோ என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறேன். பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷமே போதுமானதாக இருக்கிறது.