மாடி வீட்டுக் கொத்து வேலை

வெளியுறவுக் கொள்கை, தேசப் பாதுகாப்பு என்று யாராவது சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வார்த்தைகளை நான் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் வாயிலிருந்துதான் முதலில் நிறையக் கேட்டேன். அவர் மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மாமா என்றுதான் கூப்பிடுவோம். மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் அவருடைய வீடு. கீழே பாதியில் அவரும் மாமியும், மறு பாதியில் நானும் என் கணவரும். மாடியில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி.

காலையில் பூங்காவில் நாலு சுற்று நடந்துவிட்டு வந்து, பேப்பரும் காபியுமாக உட்கார்ந்தால் மாமா உலகத்தையே நிர்வாகம் பண்ணுவார். இலங்கைக்குப் படையை அனுப்பியபோது "இதுன்னா ராஜதந்திரம்" என்றார். அதே படை திரும்பி வந்தபோது அதையும் ராஜதந்திரம் என்றார். நான் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் தலையாட்டிவிட்டு ஓடுவேன்.

மாடிப் பெண் எனக்குத் தங்கை மாதிரி. கணவன் அந்தத் தை மாதம்தான் கனடாவுக்குப் போயிருந்தான். காகிதங்கள் சரியானதும் இவளை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அவன் போகும்போதே இவள் முழுகாமல் இருந்தாள். பக்கத்துத் தெரு டாக்டரம்மாவிடம் மாதா மாதம் காட்டிக்கொண்டிருந்தாள். பிரசவமும் அங்கேதான் என்று முடிவாகியிருந்தது. ஊரில் இவளுக்குத் தாயும் இல்லை. வளைகாப்பை நாமே செய்துவிடலாம் என்று மாமிதான் சொன்னாள். கண்ணாடி வளையல்கூட வாங்கி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. முன்னாள் பிரதமரைக் கொன்றவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இன்றும் அது அடங்கவில்லை. பாவப்பட்ட போலீஸ்காரர்களும், வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அல்லவா சேர்ந்து செத்தார்கள்? ஆனால் மறுநாளிலிருந்து எங்கள் தெரு நடந்துகொண்டதைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தின்போது இதே தெரு கறுப்புக் கொடி கட்டியது, பழைய துணியும் அரிசியும் மூட்டை கட்டிக் கொடுத்தது. இப்போது அவள் மாடிப்படி இறங்கினால் எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. பால்காரன் பாக்கெட்டைக் கீழேயே வைத்துவிட்டுப் போனான். கனத்த வயிற்றோடு அவள் இறங்கி வந்து எடுத்துப் போவாள்.

இலங்கைக்காரர்கள் எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டும் என்றார்கள். நான் லீவு போட்டுவிட்டு அவளை அழைத்துப் போனேன்.

"இன்னாமா, சிலோனா? அங்க குந்து," என்றார் ஏட்டு. மத்தியானம் வரை குந்தினோம். "ஊட்டுக்காரர் எங்க கீறாரு?"

"கனடாவில ஐயா."

"அல்லாரும் இத்தயேதான் சொல்றீங்கோ," என்று அலுத்துக்கொண்டார். ஆனால் புகைப்படம் ஒட்டி, கையெழுத்து வாங்கி முடித்ததும் அவரே, "அதான் பதிஞ்சாச்சே, போய் அதே ஊட்ல இரு. கொயந்த பொறக்கட்டும்," என்று சொல்லி அனுப்பினார்.

எனக்கு உயிர் வந்தது. பிரசவம் வரை அந்த மாடி அவளுக்கு நிலைத்தால் போதும், அதற்குமேல் கேட்க எங்களுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் நல்ல செய்தியாகவே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாடியில கொத்து வேலை ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். காலி பண்ணச் சொல்லிடு," என்றார்.

"இப்பவா மாமா? அவளுக்கு ஒன்பதாம் மாசம் பொறக்கப்போவுது."

"அதனாலதான் சொல்றேன். கர்ப்பிணி இருக்கற ஆத்துல கொத்து வேலை பண்ணப்படாது. அவ நன்மைக்குத்தான்."

அந்தச் சாஸ்திரத்தில் மாமா எவ்வளவு கறார் என்று எனக்குத் தெரியும். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது, காலண்டர் மாட்ட நான் ஒரு ஆணி அடிக்கப் போக, ஓடி வந்து சுத்தியலைப் பிடுங்கியவர் அவர். கர்ப்பிணி இருக்கும்வரை வேலையைத் தள்ளிப்போடுவதுதான் ஊர் வழக்கம். வேலைக்காகக் கர்ப்பிணியைத் தள்ளும் வழக்கத்தை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"போலீஸே இருக்கலாம்னு சொல்லிட்டாங்க," என்று கத்தினேன்.

"போலீஸ் சொல்லிட்டா ஆச்சா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் பேருன்னா பேப்பர்ல வரும்? இது தேசத்தோட செக்யூரிட்டி விஷயம்மா." உள்ளே பஞ்சாங்கம் பார்த்துவிட்டு மறுபடி வந்தார். "வெள்ளிக்கிழமை வேண்டாம். சுமங்கலி, அதுவும் புள்ளத்தாச்சி, வெள்ளிக்கிழமை வாசலத் தாண்டினா ஆத்துக்கு ஆகாது. வியாழக்கிழமை கார்த்தால கிளம்பட்டும்."

அந்த மனிதரை அங்கேயே உலுக்க வேண்டும்போல் இருந்தது. எவ்வளவு பயம், அந்தப் பயத்துக்கு எவ்வளவு மடிப்புக் கலையாத உடுப்பு! மாடியேறிப் போனால், அவள் ஏற்கெனவே துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் போட்ட சத்தம் மேலே கேட்காமலா இருக்கும்?

"நீங்கள் சண்டை பிடிக்காதைங்கோ அக்கா. பிறகு உங்களையும் வீட்டை விட்டு எழுப்பிப் போடுவினம்," என்றாள்.

"எழுப்பட்டும். நடுத்தெருவிலயா நிக்கப்போறேன்?"

"நீங்கள் நிக்க மாட்டியள். உங்கட ஊர்தானே," என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

வியாழக்கிழமை காலை ஆட்டோ வந்தது. நங்கநல்லூரில் அவளுடைய தூரத்துச் சொந்தம் ஒன்று, ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. அங்கே போனாள். மாமி அடுக்களையிலிருந்து வெளியே வரவே இல்லை. வளையல்களை என்ன செய்தாள் என்று நான் கேட்கவும் இல்லை. மாமா மட்டும் வாசலில் நின்று, மேடு பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லி ஆட்டோக்காரனிடம் அக்கறையாகச் சொன்னார்.

வலி எடுத்தபோது டாக்டரம்மா எட்டாத தூரத்தில் இருந்தார். அங்கே இரண்டு நர்சிங் ஹோமில் ஏறி இறங்கினார்கள். வலியில் கத்தும்போது எல்லாருக்கும் ஒரே தமிழ்தான். பெயர், ஊர் கேட்டபோது அவள் பேசிய தமிழைக் கேட்டதும்தான் இடமில்லை என்று கை விரித்தார்கள். கடைசியில் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில், கட்டில் கிடைக்கும் முன்பே, நடையில் போட்டிருந்த பாயில் பெற்றாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது முகமெல்லாம் வெளிறிக் கிடந்தாள். பெண் குழந்தை. ரோஜா நிறத்தில், என் கைவிரலை இறுக்கப் பிடித்துக்கொண்டு, நன்றாகவே இருந்தது.

மாடியில் கொத்து வேலை எதுவும் நடக்கவில்லை. ஒரு கூடை மணல்கூட வந்து இறங்கவில்லை. பூட்டியே கிடந்தது.

சில வாரம் கழித்து, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் மாமா வந்து நின்றார். முகத்தில் நிஜமான பிரியம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு நல்லபடியா ஆச்சாமே? பகவான் இருக்கார். என்ன கொழந்தை?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அதே வீட்டில்தான் இருந்தோம். அவர் இன்னும் இரண்டு முறை கேட்டார். தெருவில் மற்ற எல்லாருக்கும் தெரியும்; அவருக்கு மட்டும் நான் சொல்லவே இல்லை.