குந்துறவனுக்கு ஒரு போத்தல் எண்ணெய்

என் அம்மாவுக்குப் பேஸ்போல் பிடித்துப்போனதற்கு முழங்கால்தான் காரணம். தொண்ணூறுகளில் அவர் கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் வேலை செய்தார். பயணிகள் இறங்கிப் போன விமானத்துக்குள் ஏறி, இருக்கைகளுக்கு நடுவே குந்தியிருந்து, அவர்கள் கொட்டிவிட்டுப் போன கச்சான் கடலையையும் கடதாசியையும் பொறுக்கி எடுக்கும் வேலை. வீட்டுக்கு வந்ததும் சோபாவில் காலை நீட்டி முழங்காலுக்கு எண்ணெய் பூசுவார். எதிரில் அப்பா பேஸ்போல் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு வழியில்லாமல் அம்மாவும் பார்த்தார். பந்து எறிகிறவனையும் அடிக்கிறவனையும் ஊர் உலகம் பார்க்க, அம்மாவின் கண் அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவனில் போய் விழுந்தது.

"உவனை ஒருத்தரும் எழும்பச் சொல்லமாட்டினமோ?" என்று கேட்டார்.

"அது அவன்ரை வேலையப்பா. எங்கடை விக்கெட் கீப்பர் மாதிரி" என்றார் அப்பா.

"கீப்பர் இடைக்கிடை நிமிருவான். உவன் வந்த நேரம் துடக்கம் குந்திக்கொண்டெல்லே இருக்கிறான்."

விளையாட்டுக்காரரின் பெயர்கள் அம்மாவின் வாயில் நுழையாது. நுழைக்க அவர் முயன்றதுமில்லை. தாடிக்காரன், சுவிங்கம், மாப்பிள்ளை என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார். பந்து பிடிக்கிறவன் 'குந்துறவன்' ஆனான். அவன் அணியில் இரண்டாவது ஆள்தான். முதல் ஆள் களைத்துப்போகிற நாட்களில் மட்டும் வருவான். அன்றைக்கு அம்மா சமையலைக்கூட ஒத்திவைத்துவிட்டு வந்து சோபாவில் இருப்பார்.

வேலையை விடச் சொல்லி டொக்டர் சொன்னார். அப்பா சொன்ன தடவைகளுக்குக் கணக்கில்லை. அக்காவும் நானும் சொல்லிப் பார்த்தோம். "ஏலுமட்டும் செய்யிறன்" என்பதுதான் எப்போதும் மறுமொழி. காலையில் கட்டிலில் இருந்து எழும்பும்போது அவர் சுவரைப் பிடிப்பார். யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியர் காய்ச்சிய எண்ணெய், யாராவது வருகிறவர்களின் பெட்டிக்குள் எங்களிடம் வந்து சேரும். அதைப் பூசினால்தான் அம்மாவுக்கு அன்றைய நாள் ஓடும்.

எங்கள் கையில் கனேடியக் கடவுச்சீட்டு வந்த பிறகுதான் எல்லை தாண்டிப் போகலாம் என்றானது. மார்ச் பள்ளி விடுமுறைக்குப் புளோரிடா என்று அப்பா அறிவித்தார். ரொறன்ரோ பனியில் கிடக்கும் அந்த மாதத்தில் எங்கள் அணி அங்கேதான் பயிற்சி எடுக்கும். சின்ன மைதானங்களில் பயிற்சி ஆட்டங்கள் நடக்கும், வேலிக்கரையில் நின்று விளையாட்டுக்காரரோடு கதைக்கவும் முடியும். அக்காவுக்கும் எனக்கும் அதே புளோரிடாவில், கார்ட்டூன் எலியின் காது வைத்த தொப்பி விற்கும் எலிக்காது பூங்காவில்தான் ஆசை. அம்மா எங்கள் பக்கம் நிற்பார் என்று நம்பிக்கொண்டிருந்தோம். அவரோ அலுமாரியில் இருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்து, பேப்பர் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உமக்கோ?" என்று கேட்டார் அப்பா.

"அவனுக்கு. முழங்கால் நோவோடை இருக்கிற பிள்ளையைப் பார்க்கப் போறம். வெறுங்கையோடை போறதே?"

அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மா விளையாட்டுப் பார்க்கப் புறப்படவில்லை, வருத்தம் பார்க்கப் புறப்படுகிறார். எங்கள் ஆட்களுக்குக் கலியாணத்துக்குப் போகாமல் விட்டாலும் விடலாம், சுகமில்லாதவரைப் போய்ப் பார்க்காமல் விட ஏலாது.

"இருக்கிறது ஒரு போத்தல். நீர் என்ன செய்வீர்?"

"ஆரும் வரேக்கை இன்னொண்டு வரும்."

வான் வண்டியில் இரண்டு நாள் ஓட்டம். பின்னால் சோறு அவிக்கும் மின்சாரச் சட்டி, இடித்த சம்பல், ஒரு வாரத்துக்குத் தேவையான மிளகாய்த்தூள். எல்லையில் ஒரு அதிகாரி போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். உடனே மூடித் திருப்பித் தந்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பொதியில் இருந்த வேறு எதையும் அவர் தொடவில்லை. மோட்டலில் கறி மணம் வெளியே போகாமல் இருக்கக் கதவடியில் அப்பா குளியல் துவாயைச் செருகினார். அப்படியிருந்தும் அடுத்த அறைக்காரர், இங்கே எங்கே சாப்பாட்டுக் கடை இருக்கிறது என்று எங்களிடமே வந்து கேட்டார்.

முதல்நாள் ஆட்டத்தில் குந்தியிருந்தவன் வேறு ஒருவன். மீசை முளைத்தும் முளைக்காத வயது. அம்மா மைதானம் முழுக்கக் கண்ணால் துழாவினார்.

"அவன் எங்கை?"

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் இருந்தார். ரொறன்ரோவில் ஸ்ரீட்கார் என்ற தெரு ரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு மார்ச்சும் இங்கே வருகிறவர். அம்மா அவருக்கும் தொப்பிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார். அப்பா அவரிடம் கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது ஆளுக்கு ஒரு இடம்தான் இருக்கிறது, அதற்கு இந்தப் பெடியனும் அவனும் போட்டி. அவனுக்கு வயதும் போய்விட்டது, முழங்காலும் போய்விட்டது. இந்தக் கிழமைக்குள் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவனைப் பார்க்க விருப்பமென்றால் காலையில் பின்பக்கத்து மைதானத்துக்குப் போங்கள் என்றார்.

அப்பா அதைத் தமிழில் சொன்னதும் அம்மா பிறகு ஒரு பந்தையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையைத் திறந்து, போத்தல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினார்.

அடுத்த நாள் அம்மா சேலை கட்டினார். காலில் ஓடுவதற்குப் போடும் சப்பாத்து. போகிற வழியில் வானை நிறுத்தச் சொல்லி ஒரு பை தோடம்பழம், அதுதான் ஒரேஞ்சு, வாங்கினார். வருத்தம் பார்க்கப் போனால் தோடம்பழம் கொடுக்க வேணும். புளோரிடாவில் தோடம்பழம் தெருவெல்லாம் காய்த்துத் தொங்குகிறது, அவனுக்கு அது புதினமா என்று அக்கா கேட்டதற்கு, "வாங்கிக் குடுக்கிறது வேறை" என்றார்.

பின்பக்கத்து மைதானத்தில் குந்துறவன் இருந்தான். இளம் எறிகாரர் வரிசையாக நின்று மாறி மாறி எறிய, அவன் ஒருவனே பிடித்துக்கொண்டிருந்தான். எங்களைத் தவிர பார்க்க ஆளில்லை. தொலைக்காட்சியில் பார்த்ததைவிடத் தலை நரைத்திருந்தது. முடிந்ததும் வேலிப் பக்கம் வந்தான். கையெழுத்துக்கு என்று நினைத்துப் பேனையைக்கூட எடுத்துவிட்டான். அம்மா இடுப்பளவு வேலிக்கு மேலால் தோடம்பழப் பையையும் போத்தலையும் இரண்டு கையாலும் நீட்டினார்.

"சொல்லு பிள்ளை. முழங்காலுக்கு எண்டு சொல்லு."

சொன்னேன். அவன் மூடியைத் திறந்து மணந்து பார்த்து, ஒரு அடி பின்வாங்கி, குடிக்க வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டான். இல்லை, பூச வேண்டும் என்றேன். என் ஆங்கிலத்தில் அம்மாவுக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் புல்லில் குந்திவிட்டார். மேலிருந்து கீழே, முழங்கால் சிரட்டையைச் சுற்றி, பிறகு பின்பக்கம் என்று தன் முழங்காலிலேயே தேய்த்துக் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் அவனும் குந்தி, கம்பிகளுக்கு ஊடாகப் பார்த்துத் தன் முழங்காலில் செய்து பார்த்தான். அக்கா வானுக்குப் போய்விட்டாள்.

செய்து காட்டியதெல்லாம் சரி, அம்மாவால் எழும்ப முடியவில்லை. அப்பா குனிவதற்கு முன் அவன் எழும்பி, வேலிக்கு மேலால் கையை நீட்டித் தூக்கிவிட்டான். எழும்பும்போது அவனுடைய முழங்கால் 'டக்' என்றது. எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று என்னிடம் கேட்டான்.

சொன்னேன். எங்கள் அணி ஏறிப் போகும் விமானங்களையும் அவர் துப்புரவாக்கியிருப்பார் என்று பெருமைக்கு ஒன்று சேர்த்தும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"போதும், நிற்பாட்டச் சொல்லு" என்றான்.

"தம்பி, அப்ப நீங்களும் நிப்பாட்டுங்கோ" என்றார் அம்மா.

அதையும் மொழிபெயர்த்தேன். அவன் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தான். "எனக்கு வேறு ஒன்றும் தெரியாதே" என்றான்.

"எனக்கும்தான்" என்றார் அம்மா.

அதற்கு மேல் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. தோடம்பழப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நொண்டி நொண்டிப் போவதை அம்மா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். தானும் அப்படித்தான் நடக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்தேன். 

நாங்கள் புறப்பட வேண்டிய நாள் காலையில் மைதானத்தில் தொப்பிக்காரர் எங்களைக் கண்டு எழும்பி வந்தார். நேற்றுப் பின்னேரம் அவனை அனுப்பிவிட்டார்கள் என்றார். வாசலில் வைத்து எல்லோருக்கும் தோடம்பழம் கொடுத்துவிட்டுப் போனானாம். உடுப்பு மாற்றும் அறையில் ஏதோ எண்ணெய் மணம் என்று இன்னமும் முறைப்பாடாம்.

அப்பா தமிழில் சொல்லி முடித்ததும் அம்மா ஒன்றைத்தான் கேட்டார்.

"அப்ப, பூசினவனே?"

"ஓம். பூசியிருக்கிறான்."

ரொறன்ரோ வரும்வரைக்கும் அம்மா கைப்பையை மடியில் வைத்தபடியே இருந்தார். எலிக்காது பூங்காவைப் பற்றி அக்கா மூச்சு விடவில்லை.

வந்த மறுநாள் அம்மாவுக்கு வேலை. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தபடி, பழக்கத்தில் அலுமாரிப் பக்கம் கையை நீட்டினார். போத்தல் இருந்த இடத்தில் அதன் எண்ணெய் வட்டம்தான் இருந்தது. நான் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றேன். அம்மா அந்த வட்டத்தை விரலால் தொட்டு, விரலை முழங்காலில் தேய்த்தார். சுவரைப் பிடித்து ஒருமுறை எழும்பப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இருந்தார்.

"இஞ்சாருங்கோ" என்று அப்பாவைக் கூப்பிட்டார். "போன் எடுத்து, நான் வரேல்லை எண்டு சொல்லுங்கோ."

"இண்டைக்கோ?"

"இனிமேல்."

அப்பா போனை எடுத்து இலக்கங்களை அழுத்தினார்.  அம்மா வேலை உடுப்போடேயே கட்டிலில் ஏறி, தலையணையில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டினார்.

"குந்துறவனும் இப்ப இப்படித்தான் காலை நீட்டிக்கொண்டு இருப்பான்" என்றார்.